தேசியத் தடகளச் சாம்பியன்ஷிப்: கேலரியில் பக்கத்து இருக்கைக்காரர்கள் கேட்ட கேள்விகள்

2025 ஆகஸ்ட் 20 முதல் 24 வரை சென்னை ஜவஹர்லால் நேரு மைதானத்தில் 64-வது தேசிய மாநிலங்களுக்கு இடையிலான சீனியர் தடகளப் போட்டி நடந்தது. தடகளம் பார்க்கக் கிளம்பினால் நான் பேச்சுத்துணைக்கு ஆள் தேடுகிறவன். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கேட்டதையும், பிறகு பெற்றோர் சிலர் போனில் கேட்டதையும் இங்கே தொகுத்திருக்கிறேன். அடுத்த தேசியப் போட்டி உங்கள் ஊருக்கு எட்டும் தூரத்தில் நடந்தால், இதைப் படித்துவிட்டு ஒரு நாளாவது போய்ப் பாருங்கள்.

“தேசியப் போட்டி” என்று ஆண்டுக்கு மூன்று நான்கு நடக்கிறதே, எதுதான் சாம்பியன்ஷிப்?

குழப்பம் நியாயமானதுதான். இந்தியத் தடகளக் கூட்டமைப்பு, சுருக்கமாக ஏ.எஃப்.ஐ., 1946-ல் தொடங்கியது. சீனியர்களுக்கு அது நடத்தும் பெரிய திறந்தவெளிப் போட்டிகள் மூன்று: ஃபெடரேஷன் கோப்பை, மாநிலங்களுக்கு இடையிலான போட்டி, ஓபன் சாம்பியன்ஷிப். ஃபெடரேஷன் கோப்பை பெரும்பாலும் கோடைத் தொடக்கத்தில் வரும்.

மற்ற இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஜெர்சியில் தெரியும். மாநிலங்களுக்கு இடையிலான போட்டியில் எல்லோரும் தங்கள் மாநிலத்துக்காக இறங்குவார்கள். ரயில்வேயில் வேலை பார்க்கும் தமிழ்நாட்டுக்காரர் அங்கே தமிழ்நாட்டு ஜெர்சியில் ஓடுவார். ஓபனில் ரயில்வே, ராணுவம் போன்ற நிறுவன அணிகளும் மாநிலங்களோடு சேர்ந்து மோதும். அதே ஆள் அங்கே ரயில்வே ஜெர்சியில் வருவார். நம் நாட்டில் தடகள வீரருக்குச் சம்பளம் தருவது பெரும்பாலும் அரசு வேலைதான் என்பதால் இந்த இரட்டை அடையாளம் வந்தது.

என்னைக் கேட்டால் மாநிலங்களுக்கு இடையிலானதுதான் பார்ப்பதற்கு உயிருள்ள போட்டி. “தமிழ்நாடு, தமிழ்நாடு” என்று கத்த ஒரு காரணம் கிடைக்கிறது. கத்தினால் ஓடுகிறவருக்குக் கேட்கும் அளவுக்குத்தான் கூட்டமும் இருக்கிறது. அதுதான் வருத்தம்.

தேதி ஏன் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது?

அந்த ஆண்டின் பெரிய சர்வதேசப் போட்டிக்குத் தகுதி பெறும் கெடுவைப் பார்த்துத் தேதி குறிக்கிறார்கள். 2022 ஜூனில் சென்னை, 2023 ஜூனில் புவனேஸ்வர் கலிங்கா மைதானம், 2024-ல் ஹரியானாவின் பஞ்ச்குலா, 2025 ஆகஸ்டில் மறுபடி சென்னை. பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறும் காலம் 2024 ஜூன் 30-ஆம் தேதி முடிந்தது. பஞ்ச்குலாவில் கடைசி நாளும் அதே ஜூன் 30. டோக்கியோ உலகச் சாம்பியன்ஷிப்புக்கான கெடு 2025 ஆகஸ்ட் 24. சென்னையில் கடைசி நாள் என்ன தேதி என்று மேலே பாருங்கள்.

அதனால்தான் கடைசி நாளில் சில பேர் பதக்கம் வாங்கியும் முகம் வாடி நிற்பார்கள். தங்கம் கையில் இருக்கும், தேவைப்பட்ட தூரமோ நேரமோ வந்திருக்காது.

என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள், பள்ளியில் நன்றாக ஓடுகிறாள். இதில் கலந்துகொள்ள முடியுமா?

இப்போதே சீனியர் போட்டியை நினைக்க வேண்டாம். அவள் வயதுக்கு வேறு ஏணி இருக்கிறது. பள்ளிக்கல்வித் துறையின் குறுவட்டப் போட்டியில் தொடங்கி மாவட்டம், மாநிலம் என்று ஏறுவது ஒரு வழி. மாவட்டத் தடகளச் சங்கம் வழியாக மாநிலச் சங்கத்தின் வயதுப் பிரிவுப் போட்டிகளுக்குப் போவது இன்னொரு வழி. 14 வயதுக்கும் 16 வயதுக்கும் உட்பட்டவர்களுக்கு நாடு முழுக்க மாவட்டங்களை வைத்தே ஒரு தேசிய ஜூனியர் போட்டி நடக்கிறது. முதலமைச்சர் கோப்பையும் இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கு ஆண்டுதோறும் தேர்வு நடக்கும். நல்ல பயிற்சியாளரும் மூன்று வேளைச் சாப்பாடும் ஒரே இடத்தில் கிடைப்பதால் பல பெற்றோர் அதைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள்.

மூன்று விஷயம் சொல்கிறேன். முதலாவது, பிறப்புச் சான்றிதழ் சரியாக இருக்கட்டும். வயதைக் குறைத்துக் காட்டும் பழக்கத்தைப் பிடிக்க எலும்பு வயதுச் சோதனை வரை செய்கிறார்கள். அதில் மாட்டினால் போவது பிள்ளையின் பெயர்தான். இரண்டாவது, வயதுக்கு ஏற்ற எடையில் பயிற்சி கொடுக்கச் சொல்லுங்கள். 18 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கு ஈட்டி 700 கிராம், சீனியர் ஆண்களுக்கு 800. 20 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்குக் குண்டு 6 கிலோ, சீனியருக்கு 7.26. சீக்கிரம் பெரியதைத் தூக்கினால் சீக்கிரம் தோள்பட்டை போகும். மூன்றாவது, ஒரே ஒரு போட்டியில் இப்போதே கட்டிப்போடாதீர்கள். 100 மீட்டரில் நாலாவதாக வரும் பிள்ளை மும்முறை தாண்டுதலில் மாநிலத்திலேயே முதலாக வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

சீனியருக்கு வந்த பிறகு, ஏ.எஃப்.ஐ.-யில் பதிவு எண் வாங்கி, மாநிலச் சங்கம் வழியாகப் பெயர் போக வேண்டும். ஒவ்வொரு போட்டிக்கும் நுழைவுத் தகுதி அளவு ஒன்றை முன்கூட்டியே அறிவிப்பார்கள்.

எங்கே உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும்?

100 மீட்டருக்கு முடிவுக் கோட்டுக்கு நேராக. ஆனால் அங்கேயே அஞ்சு நாளும் உட்கார்ந்தால் பாதிப் போட்டியை இழந்துவிடுவீர்கள். தடகளத்தில் ஒரே நேரத்தில் மூன்று நான்கு இடங்களில் ஆட்டம் நடக்கும். நீளம் தாண்டுதல் நடக்கும்போது மணல் குழிக்குப் பக்கவாட்டில் போய்விடுங்கள். கோலூன்றித் தாண்டுதலுக்குக் கம்பத்துக்கு எதிரே. 3000 மீட்டர் ஸ்டீப்பிள்சேஸுக்குத் தண்ணீர்த் தடை இருக்கும் வளைவில். அந்த ஓட்டத்தில் 28 தடைகளும் 7 தண்ணீர்த் தாண்டல்களும் உண்டு. முதல் சுற்றில் தண்ணீரை லேசாக மிதித்துப் பறக்கிறவர்கள், ஏழாவது முறை வரும்போது முழங்கால் வரை நனைந்து, கையை ஊன்றாத குறையாக ஏறி வருவார்கள். அதைப் பக்கத்தில் பார்த்தால்தான் 2018-ல் புவனேஸ்வர் ஓபனில் அவினாஷ் சாப்ளே செய்தது புரியும். கோபால் சைனி 1981-ல் வைத்த 8 நிமிடம் 30.88 நொடிச் சாதனை 37 ஆண்டு நின்றது. அதை அவர் 8 நிமிடம் 29.80 நொடியில் முடித்துவைத்தார்.

பட்டியலில் கியூ, சின்ன கியூ, டி.என்.எஸ். என்றெல்லாம் போட்டிருக்கிறதே?

பெரிய கியூ என்றால் ஹீட்ஸில், அதாவது இறுதிக்கு முந்தைய தகுதி ஓட்டங்களில், இடம் பிடித்து நேரடியாக அடுத்த சுற்றுக்குப் போனவர். சின்ன கியூ என்றால் இடம் பிடிக்கவில்லை, ஆனால் மிச்சம் இருப்பவர்களில் நேரம் நன்றாக இருந்ததால் போகிறவர். டி.என்.எஸ். என்றால் ஓட வரவே இல்லை, டி.என்.எஃப். என்றால் பாதியில் நிறுத்திவிட்டார், டி.கியூ. என்றால் விதிமீறலால் நீக்கப்பட்டார். உயரம் தாண்டுதல் தாளில் வட்டம் தாண்டியதற்கு, பெருக்கல் குறி தவறியதற்கு, சின்னக் கோடு அந்த உயரத்தை முயற்சிக்காமல் விட்டதற்கு. தொடர்ந்து மூன்று முறை தவறினால் வெளியே.

400 மீட்டரில் எட்டாவது லேன்காரர் ரொம்ப முன்னாடி நிற்கிறாரே, அநியாயம் இல்லையா?

ஒவ்வொரு லேனும் 1.22 மீட்டர் அகலம். வெளி லேனில் வளைவு பெரிதாக இருப்பதால் ஒரு முழுச் சுற்றில் எட்டாவது லேன்காரர் அதிகம் ஓட வேண்டிவரும். அதைச் சரிக்கட்ட ஏறக்குறைய 53 மீட்டர் முன்னால் நிறுத்துகிறார்கள். எல்லோரும் ஓடுவது சரியாக 400 மீட்டர்தான்.

உண்மையில் கஷ்டம் முன்னாடி நிற்கிறவருக்கு. பின்னால் வருபவர்கள் யாரும் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். கடைசி நேர்கோட்டுக்கு வரும்வரை தான் முன்னால் இருக்கிறோமா, பின்தங்கிவிட்டோமா என்று தெரியாமலே ஓட வேண்டும்.

ஒருத்தர் லேசாக அசைந்ததற்கே வெளியே அனுப்பிவிட்டார்களே?

2010 முதல் அதுதான் விதி. துப்பாக்கிச் சத்தத்துக்கு முந்திக் கிளம்பினால் முதல் தவறுக்கே வெளியேற்றம். டெக்கத்லான், ஹெப்டத்லான் போன்ற பல்திறன் போட்டிகளில் மட்டும் ஒரு முறை மன்னிப்பு உண்டு. ஸ்டார்ட்டிங் பிளாக்கில் உள்ள கருவி, துப்பாக்கி வெடித்து 0.100 நொடிக்குள் கால் அழுத்தம் மாறினால் காட்டிக்கொடுத்துவிடும். சத்தத்தைக் கேட்டு உடம்பு எழும்ப அதைவிட அதிக நேரம் ஆகும் என்பதே கணக்கு.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். ஸ்டார்ட்டர் “செட்” சொல்லும்போது கேலரியில் யாரும் விசில் அடிக்காதீர்கள். வேறு எங்கேயோ நீளம் தாண்டுகிறவருக்குக் கைதட்டிக்கொண்டிருந்தால்கூட அந்த இரண்டு நொடி நிறுத்துங்கள். ஓராண்டு உழைப்பு அந்த அமைதியில் குனிந்து நிற்கிறது.

தேசிய சாதனையைவிட நல்ல நேரம் வந்தது என்கிறார்கள், ஆனால் சாதனை இல்லை என்கிறார்கள். எப்படி?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல அனுமதியுங்கள். தேசியச் சாம்பியன்ஷிப் எதற்காக இருக்கிறது என்பது இதில்தான் எனக்குப் புரிந்தது.

விசாகப்பட்டினத்தின் ஜோதி யாராஜியை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்கள் 100 மீட்டர் தடை ஓட்டத்தில் அனுராதா பிஸ்வால் 2002-ல் வைத்த 13.38 நொடிதான் அப்போது தேசிய சாதனை. 2020 ஜனவரியில் மூடபித்ரியில் நடந்த அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் ஜோதி 13.03-ல் முடித்தார். ஆனால் அங்கே அவருக்கு ஊக்கமருந்துச் சோதனை நடக்கவில்லை, கூட்டமைப்பின் தொழில்நுட்ப அதிகாரியும் இல்லை. கணக்கில் சேரவில்லை. 2022 ஏப்ரலில் கோழிக்கோடு ஃபெடரேஷன் கோப்பையில் 13.09. எல்லாம் சரியாக இருந்தது, காற்று மட்டும் நொடிக்கு 2.1 மீட்டர் பின்னாலிருந்து தள்ளியது. அனுமதி 2.0 வரைதான். அதுவும் போயிற்று. அடுத்த மாதம் சைப்ரஸில் 13.23 ஓடினார். முன்னே ஓடிய இரண்டையும்விட மெதுவான ஓட்டம், ஆனால் அதுதான் புத்தகத்தில் ஏறியது.

கதை முடியவில்லை. அதே 2022 அக்டோபரில் குஜராத்தில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில் 12.79 ஓடினார். மறுபடி காற்று அதிகம். அதே மாதம் பெங்களூரு ஓபன் சாம்பியன்ஷிப்பில் 12.82. காற்று அளவுக்குள் இருந்தது, அதிகாரிகள் இருந்தார்கள், சோதனை நடந்தது. முறைப்படி 13 நொடிக்குள் ஓடிய முதல் இந்தியப் பெண் என்ற பெயர் அங்கே நிலைத்தது.

சரி, காற்றை எப்படி அளக்கிறார்கள்? ஓடுதளத்தின் உள்பக்கம், முடிவுக் கோட்டுக்கு 50 மீட்டர் முன்னால், இடுப்பைவிடச் சற்று மேலே, 1.22 மீட்டர் உயரத்தில் ஒரு கருவி நிற்கும். 100 மீட்டருக்குத் துப்பாக்கி வெடித்ததிலிருந்து 10 நொடி, 100 மற்றும் 110 மீட்டர் தடை ஓட்டத்துக்கு 13 நொடி, 200 மீட்டருக்கு முதல் ஆள் நேர்கோட்டில் நுழைந்ததிலிருந்து 10 நொடி காற்றை அளந்து சராசரி எடுக்கும். நீளம் தாண்டுதல், மும்முறை தாண்டுதலிலும் ஒவ்வொரு முயற்சிக்கும் அளவு உண்டு. 400 மீட்டரும் அதற்கு மேலும் வளைவைச் சுற்றி வருவதால் காற்று ஒரு பக்கம் தள்ளினால் மறுபக்கம் தடுக்கும். அங்கே அளப்பதில்லை.

காற்று அதிகமானால் சாதனைதான் போகும், பதக்கம் போகாது. எல்லோருக்கும் அடித்தது ஒரே காற்றுதானே. அதே கோழிக்கோட்டில் நீளம் தாண்டுதலில் தமிழ்நாட்டின் ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.37 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். அவர் முதுகில் இருந்த காற்று நொடிக்கு 4.1 மீட்டர். கேரளத்தின் முரளி ஸ்ரீசங்கர் 8.36. அவர் தாண்டியபோது காற்று 1.5. ஒரு சென்டிமீட்டர் குறைவாகத் தாண்டியவருக்குத் தேசிய சாதனை, கூடத் தாண்டியவருக்குத் தங்கம். 2023 மார்ச்சில் பெல்லாரியில் ஜெஸ்வின் 8.42 தாண்டிச் சாதனையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். மூன்று மாதம் கழித்துப் புவனேஸ்வரில், மாநிலங்களுக்கு இடையிலான போட்டியின் தகுதிச் சுற்றிலேயே ஸ்ரீசங்கர் 8.41. மறுபடியும் ஒரு சென்டிமீட்டர். இந்த இருவரும் ஒரே குழியில் மாறி மாறித் தாண்டியதைப் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள்.

அதனால் பலகையில் நேரம் வந்ததும் கத்தாதீர்கள். பக்கத்தில் காற்றின் அளவு ஒரு சின்ன எண்ணாக வரும், கூட்டல் அல்லது கழித்தல் குறியோடு. அதைப் பார்த்துவிட்டுக் கத்துங்கள்.

நீளம் தாண்டுதலில் வெள்ளைக்கொடி, சிவப்புக்கொடி எப்படி முடிவாகிறது?

வெள்ளை என்றால் செல்லும், சிவப்பு என்றால் ஃபௌல். முன்பெல்லாம் கால் ஊன்றித் தாண்டும் பலகைக்கு முன்னால் களிமண் போன்ற பிளாஸ்டிசின் பட்டை இருக்கும். அதில் ஸ்பைக்ஸ் தடம் விழுந்தால் ஃபௌல். 2021 நவம்பர் முதல் விதி மாறியது. பலகையின் முன் விளிம்பிலிருந்து செங்குத்தாக ஒரு கற்பனைச் சுவர் எழுப்பிப் பாருங்கள். காலணியின் எந்தப் பாகமும் அந்தச் சுவரைத் தாண்டினால் ஃபௌல். தரையைத் தொட வேண்டியதில்லை.

ஆளுக்கு மூன்று முயற்சி. முதல் எட்டுப் பேருக்கு மட்டும் இன்னும் மூன்று. மணலில் பலகைக்கு மிக அருகில் உள்ள தடத்திலிருந்துதான் அளப்பார்கள். அருமையாகத் தாண்டிவிட்டு எழும்போது கையைப் பின்னால் ஊன்றி முப்பது சென்டிமீட்டரை இழந்த ஒரு பையனைப் பார்த்தேன். குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தக் கைத்தடம் கண்ணெதிரே தெரியும். அதிகாரி கம்பியைச் செருகும் வரை அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

எறிதல் போட்டிகளில் எதைப் பார்க்க வேண்டும்?

காலை. எல்லோரும் கையைத்தான் பார்க்கிறார்கள். குண்டு எறிபவர் வட்டத்தின் முன்னால் உள்ள மரத்தடையின் மேல் கால் வைத்தால் ஃபௌல், பின்பாதி வழியாக வெளியேறாவிட்டாலும் ஃபௌல். 2023 ஜூனில் புவனேஸ்வரில், மாநிலங்களுக்கு இடையிலான போட்டியில் தஜிந்தர்பால் சிங் தூர் 21.77 மீட்டர் எறிந்து ஆசியச் சாதனை படைத்தார். நம் தேசியப் போட்டியில் ஆசியச் சாதனை விழுவது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

நடைப் போட்டியில் நடுவர்கள் ஏன் துடுப்பு மாதிரி ஒன்றைக் காட்டுகிறார்கள்?

அது எச்சரிக்கைப் பலகை. நடையில் இரண்டே விதி. எப்போதும் ஒரு காலாவது தரையில் இருப்பது வெறும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முன்னால் வைத்த கால், தரையைத் தொட்டதிலிருந்து உடம்பு அதன் மேல் வரும்வரை முழங்கால் மடங்காமல் இருக்க வேண்டும். வெவ்வேறு நடுவர்களிடமிருந்து மூன்று சிவப்பு அட்டை சேர்ந்தால் வெளியேற்றம், அல்லது தண்டனைப் பகுதியில் சிறிது நேரம் நிற்க வேண்டும்.

ஜெயித்தால் உடனே உலகப் போட்டிக்குப் போகலாமா?

நேரடியாக இல்லை. உலகத் தடகள அமைப்பு ஒவ்வொரு போட்டிக்கும் தகுதி அளவு வைக்கிறது. அதை எட்டலாம், அல்லது உலகத் தரவரிசையில் முன்னேறி இடம் பிடிக்கலாம். தரவரிசைப் புள்ளி இரண்டு பங்கு: ஓடிய நேரத்துக்கு ஒன்று, பிடித்த இடத்துக்கு ஒன்று. சின்னப் போட்டியில் ஜெயிப்பதைவிட நாட்டின் சாம்பியன்ஷிப்பில் ஜெயிப்பதற்கு இடப் புள்ளி அதிகம். அதனால்தான் நேரம் வராது என்று தெரிந்தும் கடைசி மீட்டர்வரை முதலிடத்துக்கு மோதுகிறார்கள்.

சென்னையிலேயே இதற்கு உதாரணம் பார்த்தோம். ஆண்கள் 400 மீட்டரில் தமிழ்நாட்டின் டி.கே. விஷால் 45.12 நொடியில் முடித்தார். தென்னரசு, கயல்விழி என்ற இரண்டு பெயரையும் முதலெழுத்தாகச் சுமந்து ஓடுகிறவர். முகமது அனஸ் 2019-ல் செக் நாட்டின் கிளாட்னோவில் வைத்த 45.21 தேசிய சாதனை, பெரியமேட்டில் நம் கண் முன்னால் உடைந்தது. டோக்கியோவுக்கான தகுதி அளவு 44.85. இன்னும் கால் நொடிக்கு மேல் வேண்டும். ஓடுதளத்தில் அது இரண்டு மீட்டருக்கும் அதிகமான தூரம். ஆனாலும் அந்த மாலையில் வீட்டுக்கு வந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆறு வருடம் நின்ற சாதனை வெளிநாட்டு மைதானத்தில் விழாமல், சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் விழுந்தது.

பெரிய பெயர்கள் வருவதில்லையே, பிறகு எதற்குப் பார்ப்பது?

சில நேரம் வருவார்கள். 2024 மே மாதம் புவனேஸ்வர் ஃபெடரேஷன் கோப்பையில் நீரஜ் சோப்ரா மூன்று ஆண்டுக்குப் பிறகு உள்நாட்டில் ஈட்டி எறிந்தார், 82.27 மீட்டரில் ஜெயித்தார். வெளிநாட்டில் பயிற்சியில் இருப்பவர்களுக்கும் காயத்திலிருந்து மீள்பவர்களுக்கும் விலக்கு கிடைப்பது உண்டு.

ஆனால் பெரிய பெயர்கள் எங்கிருந்து வந்தன? ஸ்ரீராம் சிங் 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் ஓடிய 800 மீட்டர் சாதனை 42 ஆண்டு நின்றது. 2018-ல் குவாஹாட்டியில் மாநிலங்களுக்கு இடையிலான போட்டியில்தான் ஜின்சன் ஜான்சன் அதை 1 நிமிடம் 45.65 நொடியில் உடைத்தார். எவ்வளவு பேர் அங்கே இருந்து பார்த்திருப்பார்கள் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

ஊக்கமருந்துச் செய்திகளைப் படித்தால் எதையும் நம்பத் தோன்றவில்லை.

உங்கள் கோபம் எனக்கும் உண்டு. 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலப் போட்டியில் சோதனை அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்ற செய்தி பரவியதும், ஆண்கள் 100 மீட்டர் இறுதிக்கு ஒரே ஒருவர்தான் வந்து நின்றார். மற்றவர்கள் பெயருக்கு நேரே டி.என்.எஸ். அதைப் படித்த அன்று மனது ரொம்ப வலித்தது.

ஆனால் வந்து நின்ற அந்த ஒருவரையும் நினையுங்கள். தேசியப் போட்டியில் பதக்கம் வாங்கியவரோடு ஒரு உதவியாளர் ஒட்டிக்கொண்டே போவதைக் கவனித்திருக்கிறீர்களா? மாதிரி கொடுக்கும்வரை அவர் பார்வையிலிருந்து விலகக் கூடாது. குடும்பத்தாரைக் கட்டிப்பிடிக்கும்போதும் இரண்டடி தள்ளி அந்த ஆள் நிற்பார். நேர்மையாக ஓடுகிறவர்களுக்கு அது தொந்தரவு இல்லை, சாட்சி. பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன்: ஜிம்மிலோ கடையிலோ யாராவது “இந்தப் பவுடர் ஒன்றும் செய்யாது” என்று கொடுத்தால் வாங்காதீர்கள். உடம்பில் கிடைத்த பொருளுக்கு, எப்படி வந்தது என்று தெரியாவிட்டாலும், ஓடியவரே பொறுப்பு என்பதுதான் விதி.

நாளெல்லாம் மைதானத்தில் இருப்பதற்கு என்ன கொண்டுபோக வேண்டும்?

தண்ணீர், தொப்பி, ஒரு பேனா. போட்டி காலை, மாலை இரண்டு வேளையாக நடக்கும், நடுப்பகலில் இடைவெளி. காலையில் ஹீட்ஸும் தகுதிச் சுற்றும், மாலையில் பெரும்பாலான இறுதிகள். ஒரு வேளைதான் முடியும் என்றால் மாலைக்குப் போங்கள். நான் போன நாட்களில் வாசலில் யாரும் டிக்கெட் கேட்டதில்லை. பிள்ளைகளைக் கூட்டிப் போனால் ஹீட்ஸ் தாளில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், தெரியாத மாநிலத்துத் தெரியாத பெயராக. இறுதி வரை அவரைத் தொடரட்டும்.

கடைசி நாள் எதுவரை இருக்க வேண்டும்? சீக்கிரம் கிளம்பினால் ரயில் கிடைக்கும்.

அடுத்த ரயிலைப் பிடியுங்கள். தடகளத்தில் வழக்கமாகக் கடைசியில் வருவது 4×400 மீட்டர் தொடர் ஓட்டம். இந்தியாவுக்கு இது வெறும் முடிவுரை நிகழ்ச்சி இல்லை. 2023 ஆகஸ்டில் புடாபெஸ்ட் உலகச் சாம்பியன்ஷிப்பின் தகுதிச் சுற்றில் அனஸ், அமோஜ் ஜேக்கப், முகமது அஜ்மல், ராஜேஷ் ரமேஷ் நால்வரும் 2 நிமிடம் 59.05 நொடியில் ஓடி ஆசியச் சாதனை படைத்தார்கள். கடைசிச் சுற்றை ஓடிய ராஜேஷ் தமிழ்நாட்டுக்காரர்.

அப்படி ஓர் அணி தேசியப் போட்டிகளின் 400 மீட்டரை வைத்துத்தான் அமைகிறது. ஆகவே 400 மீட்டர் இறுதியில் நாலாவதாகவோ அஞ்சாவதாகவோ வந்தவர் பலகையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால், தோற்றுவிட்டார் என்று நினைக்காதீர்கள். தொடர் ஓட்டக் குழுவில் தன் பெயர் வருமா என்று கணக்குப் போடுகிறார். கடைசி நாள் மாலை அவர் தன் மாநில ஜெர்சியில் மறுபடி வருவார். இரண்டாவது ஆள் கையிலிருந்து குச்சியை வாங்கும் இடத்தில், எட்டு அணியும் ஒரே கோட்டில் தோளோடு தோள் இடித்து நிற்கும். அந்த நெரிசலில் கையைப் பின்னால் நீட்டிக்கொண்டு, கண்ணை வளைவிலிருந்து எடுக்காமல் நிற்பவர்களில் அவரைத் தேடிப் பாருங்கள்.